கோடை விடுமுறையில் ஓர் ஆய்வகம்

கல்லூரியில் நாம் செய்யும் பிராக்டிகல் எல்லாவற்றுக்கும் விடை முன்கூட்டியே தெரியும். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவில்லையென்றால், வரும்வரை கணக்கைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்து ரெக்கார்டு நோட்டில் ஏற்றிவிடுவோம். விடை யாருக்கும் தெரியாத ஒரு கேள்வியோடு இரண்டு மாதம் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் வெளியேதான் போக வேண்டும்.

அதற்கான வழிகளில் முக்கியமானது, பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியிலும் பிரயாக்ராஜிலும் உள்ள மற்ற இரு தேசிய அகாடமிகளுடன் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம். தேர்வாகும் மாணவரை ஒரு விஞ்ஞானியின்கீழ் இரண்டு மாதம் வேலை செய்ய அனுப்புவார்கள், உதவித்தொகையும் உண்டு. சென்னை ஐஐடி, மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்றவையும் தனித்தனியே இப்படி நடத்துகின்றன. எந்த ஆண்டு படிப்பவர் விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதி எது என்பதை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கோடைக்குத்தானே என்று மார்ச் வரை காத்திருந்தால் பல கதவுகள் மூடியிருக்கும்.

விண்ணப்பத்தில் பலர் சறுக்குவது, என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று எழுதும் இடத்தில். ‘சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்’ என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அதைப் படிப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்தப் பாடத்தின் எந்தப் பகுதி பிடித்தது, அதற்காகத் தனியாக என்ன படித்தீர்கள், எங்கே புரியாமல் நின்றீர்கள் என்று எழுதுங்கள். புரியாத இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்த மாணவர் கண்ணில் படுவார். விஞ்ஞானிக்கு நேரடியாக மெயில் அனுப்புவதானாலும் இதே கதைதான்: அவருடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு எழுதுங்கள். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால், முதல் வரியிலேயே அது தெரிந்துவிடும்.

போன இடத்தில் விஞ்ஞானியைத் தினமும் பார்க்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கருவியைத் தொடக் கற்றுத் தருபவர், தவற்றைப் பிடிப்பவர், டீக்கடைக்குக் கூட்டிப்போய்த் துறையின் நிலவரம் சொல்பவர் எல்லாம் பெரும்பாலும் அங்குள்ள பிஎச்.டி. மாணவர்தான். தொடக்க வாரங்கள் படிப்பதிலும் பழகுவதிலும் கரையும். சோதனை பலமுறை சொதப்பும். சொதப்பியதையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள், இங்கே 9.8 வரவைப்பது மோசடி. இரண்டு மாதத்தில் ஆய்வுக் கட்டுரை வெளிவருவது அபூர்வம், அதை நினைத்துப் போகவும் வேண்டாம்.

பணம் வாங்கிக்கொண்டு ‘இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட்’ தரும் கடைகள் இத்தகைய ஆய்வு வாய்ப்புகளில் சேரா. இறுதியாண்டு பிராஜெக்டை முடித்தே கையில் கொடுக்கும் சென்டர்களும் அப்படியே.

ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கு, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் கல்லூரியிலேயே செய்யும் மாணவர் பிராஜெக்டுகளுக்குச் சிறு நிதி தருகிறது. போக முடிந்தவர்களுக்கு ஒன்று: முதலில் சொன்ன அகாடமித் திட்டத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். அந்தத் திட்டத்தில் ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கடிதம் கேட்கப் போகும்போது உங்கள் பேராசிரியரிடம் அதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.