மொன்றியல் மரத்துக்கு வேப்பங்கொட்டை ஊசி

"அப்பா, மரத்துக்கும் ஊசி போடுவினமோ?"

எங்கள் தெருவில் ஆஷ் மரத்தின் அடியில் நகரசபை ஆட்கள் சின்னக் குப்பிகளைப் பொருத்துவதைப் பார்த்து மகள் கேட்டாள். மருந்தின் பெயர் ட்ரீஅசின். கனடிய வனச் சேவையும் பயோஃபாரெஸ்ட் நிறுவனமும் வேப்பங்கொட்டையிலிருந்து உருவாக்கியது. அரிசிக்குள் அம்மம்மா போட்டுவைத்த வேப்பிலைதான் ஞாபகம் வந்தது.

ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு 2011இல் மொன்றியலில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்குக் கீழே குடைந்து, மரத்தின் நீரோட்டத்தையே அறுத்துவிடும். வேம்பிலுள்ள அசாடிராக்டின் புழுவை ஒழுங்காகத் தோலுரிக்க விடாது, வளராமலே சாகும். ஆனால் இலையில் தெளித்தால் சில நாளிலேயே வெயிலில் சிதைந்துவிடும், பட்டைக்குள் இருக்கும் புழுவுக்கும் எட்டாது. அதனால்தான் ஊசி. மரமே தண்ணீரோடு மருந்தை மேலே இழுத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒருதரம் போடவேண்டும்.

பிந்தினால் பயனில்லை. எங்கள் பின்வளவு மரத்தின் உச்சி மெலிந்ததை நாங்கள் கவனிக்கேல்லை. கடைசியில் தறிக்கவேண்டி வந்தது. தெரு மரத்தை நகரசபை பார்க்கும், வளவு மரம் எங்கள் பொறுப்பு. இந்தக் கோடையில் பிள்ளைகளோடு அண்ணாந்து பாருங்கோ: உச்சியில் இலை குறைஞ்சிருக்கா? பட்டையில் ஆங்கில 'டி' எழுத்துப் போலச் சின்னத் துளை இருக்கா?