நத்தை நஞ்சும் பொடி மீனும்

வங்காள விரிகுடாவில் கோனஸ் அமாடிஸ் என்றொரு கூம்பு நத்தை உண்டு. செம்பழுப்பு ஓட்டில் வெள்ளை முக்கோணங்கள் இறைந்த அழகன். அதன் நஞ்சிலிருந்து 26 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பெப்டைடை, பி. பலராம், கே.எஸ். கிருஷ்ணன் உள்ளிட்ட நம் விஞ்ஞானிகள் 2003இல் விவரித்தார்கள். நரம்பணுவில் சோடியம் நுழையும் வாயில் திறந்த பிறகு மூடவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை.

இப்படிப்பட்ட நஞ்சு மருந்தாகுமா? கோனஸ் மேகஸ் என்ற இன்னொரு நத்தையின் நஞ்சு ஆகியிருக்கிறது. அதன் பெப்டைடைச் செயற்கையாகச் செய்த சிகோனோடைட், தீராத கடும் வலிக்கான மருந்தாக 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. முதுகுத்தண்டு நீருக்குள் நேராகச் செலுத்த வேண்டும். மனக்குழப்பம், மாயக்காட்சி போன்ற விளைவுகளும் வரலாம். குணத்தோடு கெடுதலையும் அளந்தாக வேண்டும்.

அங்கேதான் ஜீப்ரா மீன் வருகிறது. நம்மூர் வாய்க்கால்களில் துள்ளும் பொடிக் கெண்டைகளுக்குத் தூரத்து உறவு. கங்கைச் சமவெளியிலிருந்து அறிவியலுக்கு 1822இல் அறிமுகமானது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இதனிடம் இணை உண்டு. முட்டை கண்ணாடிபோல் தெளிவு. கருவுற்ற 24 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். நுண்ணோக்கியில் அந்தத் துடிப்பை எண்ணலாம். பெப்டைடைக் கலந்த நீரில் கருவை வைத்து 96 மணி நேரம் பார்க்கிறார்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோக்கிறதா, முதுகு வளைகிறதா, ஊசிமுனை தொட்டால் சட்டென்று விலகுகிறதா? ஒரு மருந்தின் முதல் குற்றப்பத்திரிகை இப்படித்தான் எழுதப்படுகிறது.

ஆனால் கரு பிழைத்ததென்று உடனே மகிழக் கூடாது. முட்டையைச் சூழ்ந்த உறை பெரிய மூலக்கூறுகளை எளிதில் உள்ளே விடாது; பெப்டைடு உள்ளே போகாமலே கரு நலமாக இருந்திருக்கலாம். அதனால் உறையை உரித்தோ, கண்ணாடி ஊசியால் கருவுக்குள் செலுத்தியோ பார்ப்பதே நேர்மையான சோதனை.

இன்னொரு சிக்கலும் உண்டு; எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கோனஸ் மேகஸ் மீனைப் பிடித்துத் தின்னும் நத்தை. அதன் நஞ்சு மீனின் நரம்புக்கென்றே கூர்தீட்டப்பட்டது. மீன் துடித்தால் மனிதரும் அதே அளவில் துடிப்பார் என்று கொள்ள முடியாது. கோனஸ் அமாடிஸோ பிற நத்தைகளைத் தின்பது. அதன் நஞ்சுக் கலவையில் ஒரு பெப்டைடு மீனை ஒன்றும் செய்யாவிட்டால், அதை மட்டும் வைத்து மனிதருக்கும் அது தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. நத்தை எதைத் தின்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே மீன் தரும் பதிலைப் படிக்க வேண்டும். அதற்கப்புறமும் பாலூட்டிகளில் சோதித்தாக வேண்டும்.