குப்புறப் படுக்கவைத்துச் செய்யும் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையில் செயற்கைச் சுவாசம்

முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைகளில் பல, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்தே செய்யப்படுகின்றன. முழு மயக்கத்துடன் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்கப்படுவதால் அந்நேரத்தில் நோயாளியால் தானாக மூச்சுவிட இயலாது. மூச்சுக்குழாயில் செலுத்தப்பட்ட குழாய் வழியே வென்டிலேட்டர் கருவி அப்பணியைச் செய்கிறது. “மெஷினில் வைப்பீர்களா?” என்று உறவினர்கள் அச்சத்துடன் கேட்பதுண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் வைக்கப்படுவது வேறு, இது வேறு. பெரும்பாலானோருக்கு மயக்கம் தெளிந்ததும் குழாய் அகற்றப்பட்டுவிடும்.

குப்புறப் படுத்த நிலையில் வயிறு அழுந்தினால் உதரவிதானம் மேலே தள்ளப்படும். நுரையீரலை விரிக்கக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். வயிற்றிலுள்ள பெருஞ்சிரையும் அழுந்துவதால், இதயத்திற்குச் செல்லவேண்டிய இரத்தம் முதுகுத்தண்டைச் சூழ்ந்த சிரைகளில் தேங்கி, அறுவை செய்யுமிடத்தில் இரத்தக் கசிவு மிகும். எனவே மார்பையும் இடுப்பையும் மட்டும் தாங்கி, வயிறு அழுந்தாமல் தொங்கும்படி படுக்கவைக்கிறோம். கருவியை எந்த முறையில் இயக்கினாலும் அது இதற்கு ஈடாகாது.

கருவியை இயக்கும் முறைகளில் ஒன்று, ஒவ்வொரு மூச்சிலும் செல்லவேண்டிய காற்றின் அளவை நிர்ணயிப்பது. நுரையீரல் இறுகினால் அளவு மாறாது, அழுத்தம் உயரும். மற்றொன்று, அழுத்தத்தை நிர்ணயிப்பது. இதில் நுரையீரல் இறுகினால் உட்செல்லும் காற்று குறைந்து, உடலில் கரியமில வாயு தேங்கக்கூடும். புதிய கருவிகள் சிலவற்றில் இரண்டும் இணைந்த முறை உள்ளது: குறித்த அளவு காற்றைச் செலுத்தப் போதுமான அழுத்தத்தைக் கருவியே மூச்சுக்கு மூச்சு சரிசெய்துகொள்ளும்.

இம்முறைகளை ஒப்பிட்ட ஆய்வுகளில், அழுத்தத்தை நிர்ணயிக்கும் முறையில் உச்ச அழுத்தம் பொதுவாகக் குறைவாகவே காணப்பட்டது. சிலவற்றில் இரத்த இழப்பும் குறைந்தது. ஆயினும் உச்ச அழுத்தம் என்பது குழாயின் தடையையும் உள்ளடக்கியது. அது குறைந்த அளவுக்கு நுரையீரலின் நுண்ணறைகளுக்குள்ளும் அழுத்தம் குறைந்தது என்று கொள்ள இயலாது. நோயாளி குணமடைவதில் ஒரு முறை மற்றொன்றைவிட உறுதியாகச் சிறந்தது என்று இதுவரை நிறுவப்படவில்லை. எந்த முறையாயினும் காற்றின் அளவு ஏறத்தாழ கிலோவிற்கு 6 முதல் 8 மில்லிலிட்டர் வரை இருக்குமாறு பார்த்துக்கொள்வதே முக்கியம். இங்கு கிலோ என்பது, உயரத்தையும் பாலினத்தையும் கொண்டு கணிக்கப்படும் எடை. உடற்பருமன் உள்ளவரின் நுரையீரல் எடைக்கேற்பப் பெரிதாவதில்லை.

ஆகவே, எந்த முறை என்பதை மயக்கவியல் மருத்துவரின் முடிவுக்கு விட்டுவிடலாம். ஆஸ்துமா, முன்பு வந்த காசநோய், உறக்கத்தில் பலத்த குறட்டை அல்லது மூச்சுத் தடைபடுதல், புகைப்பழக்கம் ஆகியவற்றை மறைக்காமல் அவரிடம் கூறுங்கள். புகைப்பதை இயன்றவரை நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது.

சிகிச்சைக்குப் பின் முகம் வீங்கியிருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம்; அது பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வடிந்துவிடும். தொண்டை வலியும் அவ்வாறே. ஆனால் பார்வை மங்கினாலோ, மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ காலைவரை காத்திராமல் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்.