கோடையில் சேமமின்கலங்களைப் பேணுதல்

இராஜஸ்தானத்துப் பலோடியில் 2016 மே 19ஆம் நாள் வெப்பம் 51 டிகிரி சென்டிகிரேடை எட்டிற்று. இத்தகைய வெப்பத்தில் சேமமின்கலம் விரைவில் நலிவுறும். ஈயக் கலத்தின் சராசரி வெப்பநிலை 10 டிகிரி உயரின் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். கலத்தினுள் வற்றுவது நீரே. ஆதலின் வாலைநீரையே வார்த்தல் வேண்டும், திராவகத்தையன்று.

மின்னேற்றும்போது வெளிப்படும் ஹைட்ரஜன், காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பற்றக்கூடும். ஆகவே அறையின் சன்னல்கள் திறந்திருத்தல் வேண்டும். சுடரை அருகே கொணர்தல் தகாது.

லித்தியம் கலங்களைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் மின்னேற்றலாகாது. வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்த கலத்தை, நிழலில் ஆறவிட்ட பின்னரே இணைக்கவேண்டும். உப்பிய கலத்தைத் துளைத்தலும் மீண்டும் பயன்படுத்தலும் கூடாது. அது தானே சூடேறி எரியக்கூடும்.