சொல்லாமல் விட்ட வரி

தாம்பரத்தில் மின்சார இரயில் ஏறுவோருள் சிலர், கடற்கரை நிலையம் வரும்வரை மர்ம நாவலிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. இத்தகைய நூல்கள் நம் பிள்ளைகளுக்குத் தகுமா எனப் பெற்றோர் கவலையுறுகின்றனர்.

அகதா கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட ரோஜர் அக்ராய்டு கொலைக் கதையைக் காண்போம். அதைச் சொல்பவர் ஒரு மருத்துவர். அவரை முழுதும் நம்பியே படிக்கிறோம். அவர் முக்கியமானவற்றை மறைத்தார் என்பது இறுதியில் வெளிப்படுகையில் திடுக்கிடுகிறோம். திரும்பப் புரட்டிப் பார்த்தால், அவர் பொய்யாக எழுதியது குறைவு. எழுதாமல் விட்டதே மிகுதி.

கத்தோலிக்கக் குருவான ரொனால்டு நாக்ஸ் தாமே துப்பறியும் நாவல்கள் எழுதியவர். 1929-இல் அக்கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். துப்பறிபவரின் தோழர் தம் எண்ணங்களை வாசகரிடம் மறைத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று.

நம் இல்லங்களில் நடப்பதென்ன? "அவள் என்னை இப்படிப் பேசிவிட்டாள்" என்று முறையிடும் நாம், அதற்குமுன் நாம் பேசியதைச் சொல்லாமல் விடுகிறோம். பொய் சொல்லவில்லையே என்று மனத்தையும் தேற்றிக்கொள்கிறோம்! அவ்வாறு விட்ட வரியைத் தேடுவதே ஆன்ம சோதனை. பாவசங்கீர்த்தனத்தில் சாவான பாவத்தை அறிந்தே மறைக்கலாகாது எனத் திருச்சபை கற்பிப்பதும் நம் மனக்குணமறிந்தே.

ஆகவே கொடூரத்தையும் ஆபாசத்தையும் விற்கும் நூல்களை விலக்குவோம். நல்ல மர்மக் கதையை வளர்ந்த பிள்ளை படித்தால் பிடுங்க வேண்டாம். "எந்த இடத்தில் ஏமாந்தாய்?" என்று கேட்போம். இன்றிரவு குடும்ப செபத்திற்குப்பின், நம் கதையில் நாம் விட்ட வரியையும் தேடுவோம்.