தம்பி காலேஜ் ஃபீஸுக்கு பெர்சனல் லோன் போடப் போறீங்களா? ஒரு நிமிஷம்!



நீங்க வேலைக்குப் போய் ரெண்டு வருஷம்தான் ஆகுது. தம்பியோ தங்கச்சியோ பிளஸ் டூ முடிச்சிட்டாங்க. வீட்டுல எல்லாரும் உங்க முகத்தைத்தான் பார்க்கிறாங்க. "பெர்சனல் லோன் போட்டுடலாம்"னு தோணும். கொஞ்சம் பொறுங்க.

ஃபீஸ் ஏன் இவ்வளவு?

இன்ஜினியரிங்கில் 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ விதி. அரசு கல்லூரியில் அந்தச் சம்பளத்தை அரசு தருகிறது. சுயநிதிக் கல்லூரியில் அது மாணவர் தலையில்தான் விழும். ஹாஸ்டல், பஸ் தனி. அதனால கவுன்சலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா என்பதுதான் முதல் கேள்வி. கவுன்சலிங் சீட்டுக்குக் கட்டணம் குறைவு.

கல்விக் கடன் கணக்கு

வருஷம் 1.5 லட்சம் வீதம் 4 வருஷத்துக்கு 6 லட்சம் கடன், 10% வட்டின்னு வெச்சுக்குவோம். படிக்கும்போதும், முடிச்சு ஒரு வருஷம் வரையிலும் இஎம்ஐ கிடையாது. ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும்! தனிவட்டியிலேயே 2.1 லட்சம் சேர்ந்துடும். கடன் இப்போ 8.1 லட்சம். 10 வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 10,700 ரூபாய்.

அந்த வட்டியை மட்டும் நீங்க மாசாமாசம் கட்டினா? முதல் வருஷம் மாசம் 1,250 ரூபாய். நாலாவது வருஷத்துல 5,000 வரை போகும். பிறகு தம்பிக்கு இஎம்ஐ சுமார் 7,930தான். மொத்தத்தில் சுமார் 1.2 லட்சம் மிச்சம். இப்படிக் கட்டுறவங்களுக்குச் சில வங்கிகள் வட்டியில் 1% வரை குறைக்கவும் செய்யும்.

இந்த ரெண்டு இடத்துல ஏமாறாதீங்க

1. 80இ வரிச்சலுகை உங்களுக்கோ, துணைவருக்கோ, பிள்ளைகளுக்கோ வாங்கிய கடன் வட்டிக்குத்தான். தம்பி, தங்கச்சிக்கு நீங்க கட்டினா கிடையாது. பின்னாடி அவங்களே கட்டும்போது, பழைய வரிமுறையில் இருந்தா, அவங்க கழிச்சுக்கலாம்.
2. நீங்க டிகிரி முடிச்சிருந்தா, அவங்களுக்கு முதல் பட்டதாரி சலுகை வராது. அதை நம்பி பட்ஜெட் போடாதீங்க.

இப்போ என்ன செய்யணும்?

வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பியுங்க. 7.5 லட்சம் வரை பொதுவா சொத்து அடமானம் தேவையில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, வட்டி மானியம் கிடைக்குமான்னு வங்கியில் கேளுங்க.

தம்பி படிக்கணும், சரி. அதுக்காக உங்க எமர்ஜென்சி ஃபண்டைக் காலி பண்ண வேண்டாம். உங்க வீட்டுக் கணக்கு எப்படி வருதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க!