சர்ரா நோயும் குதிரை ஈயும்

1880-ஆம் ஆண்டில், அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கான் பகுதியில், கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர், நோயுற்ற குதிரைகள், ஒட்டகங்கள் ஆகியவற்றின் இரத்தத்தில் நெளியும் நுண்ணுயிர்களைக் கண்டார். ‘சர்ரா’ நோய்க்குக் காரணம் அவையே. இந்நோயைப் பரப்புவதில் குதிரை ஈக்களுக்குப் பெரும் பங்குண்டு. இவற்றின் உறவினமான ஸ்னைப் ஈக்களும் ஈரமான புதர்களில் காணப்படுவதால், இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் களப்பணியாளருக்கு இன்றியமையாததாகும்.

ஸ்னைப் ஈ ஒல்லியானது. நீண்ட கால்களும் நுனி கூம்பிய வயிறும் உடையது. மரத்தண்டில் தலைகீழாக அமர்வது சில இனங்களின் வழக்கம். இதன் புழு ஈரமண்ணிலுள்ள சிற்றுயிர்களை இரையாக்கும். குருதி குடிக்கும் இனங்கள் மிகச் சிலவே. குதிரை ஈயோ தடித்த உடலும், தலையை நிறைத்த பெருங்கண்களும் கொண்டது. இரு கண்களுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அது பெண், கடிப்பதும் அதுவே.

பெண் ஈ தோலை அறுத்து, கசியும் இரத்தத்தை உறிஞ்சும். வலி தாளாமல் மாடு வாலை வீசினால், அருகிலுள்ள விலங்குக்குத் தாவிவிடும். தீங்கு இங்குதான் நேர்கிறது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதுபோல் சர்ராக் கிருமி ஈயின் உடலில் வளர்வதில்லை. வாயுறுப்பில் ஒட்டிய இரத்தத்தில் சிறிது நேரமே உயிர்வாழும். எனவே நோயுற்ற விலங்கைப் பிரித்துத் தொலைவில் கட்டுவது, குளக்கரைச் சேற்றில் மறைந்துள்ள புழுக்களைத் தேடி மருந்து தெளிப்பதைவிட எளிது, பயனும் மிகுதி. ஆனால் எந்த விலங்கைப் பிரிப்பது? குதிரையும் ஒட்டகமும் நோயால் வெளிப்படையாக மெலியும். எருமையோ பல வேளைகளில் அறிகுறி ஏதுமின்றிக் கிருமியைச் சுமந்து நிற்கும். இரத்தப் பரிசோதனையை எருமைகளிடமும் நடத்தவேண்டியிருப்பது இதனாலேயே.